கூரைமேல் ஒரு சிறு தரைநிலையம்: தட்டு அலைவாங்கியை நிறுவுதலும் சோதித்தலும்

பெங்களூரு நகரின் பழைய குடியிருப்புகளில் ஏதேனும் ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்று சுற்றிலும் நோக்கினால், வீட்டுக்கு வீடு ஓர் உலோகத் தட்டு வானை நோக்கி நிற்பதைக் காணலாம். மக்கள் இதனை ‘டிஷ்’ என்று வழங்குகின்றனர். ஒருவரையொருவர் அறியாத பலர், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு சுவர்களில் பொருத்திய தட்டுகள் இவை. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை தெற்கிற்கும் கிழக்கிற்கும் இடைப்பட்ட வானத்தையே நோக்கியிருக்கின்றன. இவ்வொற்றுமை தற்செயலானதன்று. பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டுள்ள துணைக்கோள்களே இத்தட்டுகளின் இலக்கு.

அத்துணைத் தொலைவிலிருந்து வரும் ஒளிபரப்பு, தட்டின் விளிம்பு எட்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் பாதியாகக் குறைந்துவிடக்கூடும். பள்ளிகளிலும் கிராம நிலையங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டி திரைபோட்டு மூடப்பட்டுக் கிடப்பதற்குக் காரணம் பல சமயங்களில் இத்தகைய சிறு பிழையே அன்றி வேறில்லை. அதனை அறிந்து திருத்துவதற்குத் தேவைப்படும் கருவிகளுள் முக்கியமானவை தூக்குக்குண்டு, கோணமானி, அளவுநாடா ஆகிய மூன்றுமே.

கர்நாடகக் கிராமங்களில் தொடங்கிய கதை

இன்று வீட்டு மாடியில் நிகழ்வது, அரை நூற்றாண்டுக்கு முன் கர்நாடகத்தின் வடபகுதிக் கிராமங்களில் ஒரு பெரும் பரிசோதனையாக நிகழ்ந்தது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் துணைக்கோளைக் கொண்டு, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ‘சைட்’ எனப்படும் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனையை நடத்திற்று. இதற்கான உடன்பாடு டாக்டர் விக்ரம் சாராபாயின் முயற்சியால் 1969இல் ஏற்பட்டது. ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள் இதிற் பங்குகொண்டன. கர்நாடகத்தில் பிஜாப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் ஆகிய மாவட்டங்களின் கிராமங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. நாள்தோறும் காலையில் பள்ளிச் சிறுவர்க்கும் மாலையில் ஊர் மக்களுக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின.

அக்கிராமங்களில் நிறுவப்பட்ட தட்டு மூன்று மீட்டர் விட்டமுடையது. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையை ஒத்த வலையால் ஆனது. இன்றைய வீட்டுத் தட்டோ பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் விட்டமே உடையது. இம்மாற்றத்தின் காரணம் அலையின் நீளத்தில் உள்ளது. ஏ.டி.எஸ்.-6 துணைக்கோள் 860 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒளிபரப்பியது. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். இன்றைய வீட்டு ஒளிபரப்பு 11,000 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ‘கு’ அலைவரிசையில் நிகழ்கிறது. அதன் அலைநீளம் 2.7 சென்டிமீட்டரே. அலை குறுகக் குறுக, அதனைக் குவிக்கும் தட்டும் சிறுக்கலாம். நீண்ட அலைக்குக் கம்பிவலை போதுமாயிருந்தது. குறுகிய அலைக்கோ வழவழப்பான, நெளிவற்ற தகடு வேண்டும். எனவே இன்றைய தட்டில் விழும் ஒரு சிறு நசுங்கலும் பொருட்படுத்தத் தக்கதே.

துணைக்கோள் நகராதிருப்பது எங்ஙனம்?

பூமத்திய ரேகைக்கு நேர்மேலே மேற்கூறிய உயரத்தில் சுற்றும் துணைக்கோள், பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் அதே காலத்தில் தானும் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆதலால் நிலத்திலிருந்து காண்போர்க்கு அது ஒரே இடத்தில் நிற்பதாகவே அமைகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 துணைக்கோள், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகைக்கு மேலே நிறுத்தப்பட்டது. ஹாசனில் 1982ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தலைமைக் கட்டுப்பாட்டு நிலையம் இத்தகைய துணைக்கோள்கள் இடம் பெயராமல் பார்த்துக்கொள்கிறது. சந்தா இன்றிப் பெறத்தக்க தூர்தர்ஷனின் வீட்டு ஒளிபரப்பு இந்த 93.5 பாகை இடத்திலிருந்தே கிடைக்கிறது. 2004 டிசம்பரில் 33 அலைவரிசைகளுடன் தொடங்கிய இச்சேவை, இப்போது ‘டிடி ஃபிரீ டிஷ்’ என்னும் பெயரால் வழங்குகிறது.

பெங்களூருவிலிருந்து இத்துணைக்கோளின் தொலைவு ஏறத்தாழ 36,250 கிலோமீட்டர். அலை அத்தொலைவைக் கடக்க ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. ஓர் ஒளிபரப்பிக்குத் துணைக்கோள் செலவிடும் ஆற்றலோ பழைய மின்விளக்குகள் ஒன்றிரண்டின் ஆற்றலை ஒத்ததே. அது நாடு முழுவதும் பரவி விழுகையில், ஒரு தட்டிற்குக் கிட்டும் பங்கு மிகமிகச் சிறிது. ஆகவேதான் தட்டு தன் இலக்கைச் சரியாக நோக்குதல் இன்றியமையாததாகிறது.

இரண்டு கோணங்கள்

தட்டை நிறுத்துவதற்கு இரண்டு கோணங்கள் தெரிய வேண்டும். ஒன்று திசைக்கோணம், மெய்யான வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படுவது. மற்றொன்று ஏற்றக்கோணம், அடிவானத்திலிருந்து மேல்நோக்கி அளக்கப்படுவது. பெங்களூருவுக்கு 93.5 பாகைத் துணைக்கோளின் திசைக்கோணம் ஏறத்தாழ 128 பாகை. ஏற்றக்கோணம் 66 பாகை. அதே துணைக்கோளுக்குச் சென்னையில் இவை முறையே 134, 68 பாகை. மதுரையில் 122, 69 பாகை. இன்று கலபுரகி என வழங்கும் குல்பர்காவில் 135, 62 பாகை. 1975இல் அதே குல்பர்காவில் கம்பிவலைத் தட்டு மேற்குத் திசையில் 38 பாகை உயரத்தையே நோக்கி நின்றது. அன்றைய துணைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 35 பாகைக்கு மேல் நின்றமையே காரணம். ஊர் மாறினும் கோணம் மாறும், துணைக்கோள் மாறினும் கோணம் மாறும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

திசைக்கோணத்தை உயர்நிலைப்பள்ளி மாணவரும் கணிக்கலாம். துணைக்கோளின் தீர்க்கரேகைக்கும் ஊரின் தீர்க்கரேகைக்கும் உள்ள வேற்றுமையின் ‘டான்ஜென்ட்’ மதிப்பை, ஊரின் அட்சரேகையின் ‘சைன்’ மதிப்பால் வகுக்க வேண்டும். பெங்களூருவின் அட்சரேகை 12.97 பாகை, தீர்க்கரேகை 77.59 பாகை, எனவே தீர்க்கரேகை வேற்றுமை 15.91 பாகை. வகுத்துப் பெறும் ஈவு 1.27. இதன் பொருள் எளியது. தட்டுக் கம்பத்தின் அடியிலிருந்து தெற்கே 100 சென்டிமீட்டர் அளந்து, அவ்விடத்திலிருந்து செங்குத்தாகக் கிழக்கே 127 சென்டிமீட்டர் அளந்து ஒரு புள்ளியிட்டால், கம்பத்திலிருந்து அப்புள்ளிக்கு இழுத்த கயிறே துணைக்கோளின் திசையைக் காட்டும். கோணமானியும் வேண்டுவதில்லை.

வடக்கு தெற்கு அறிதல்

திசைகாட்டியை நம்புவோர் பலர். பெங்களூரு வட்டாரத்தில் காந்த வடக்கிற்கும் மெய்யான வடக்கிற்கும் உள்ள வேற்றுமை இரண்டு பாகைக்கும் குறைவே; அது பெரிதன்று. ஆனால் இரும்புக் கம்பத்தின் அருகிலோ, கான்கிரீட்டில் புதைந்த கம்பிகளின் மேலோ திசைகாட்டியை வைத்தால் முள் வெகுவாகப் பிழைபடும். எனவே கம்பத்தை விட்டு விலகி நின்றே அளக்க வேண்டும்.

இதனினும் நம்பத்தக்கது நம் முன்னோர் கோயிலும் மனையும் கோலுதற்குக் கையாண்ட நிழல்முறை. சமதளமான மாடியில் நேரான குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு, அதனை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைய வேண்டும். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் மீண்டும் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்தாக வரைவது வடக்கு தெற்குக் கோடு. செலவின்றி மாணவரைக் கொண்டே ஒரே நாளில் செய்து முடிக்கத்தக்க பாடம் இது.

இடம் தேர்தலும் கம்பம் நடுதலும்

தட்டிற்கும் துணைக்கோளிற்கும் இடையே மரமோ கட்டடமோ குறுக்கிடலாகாது. 66 பாகை ஏற்றமென்பது தலைக்கு மேலே வெகு உயரம்; ஆதலின் பெங்களூருவில் இவ்விடையூறு வடநாட்டினும் குறைவு. தட்டினும் உயர்ந்து நிற்கும் பொருளின் மிகையுயரத்தில் ஏறத்தாழ பாதித் தொலைவு இடைவெளி இருந்தால் போதும். தென்கிழக்கே நிற்கும் தென்னை, தட்டைவிடப் பத்து மீட்டர் உயரமாயின், அது ஐந்து மீட்டர் தள்ளி நிற்றல் வேண்டும். ஆனால் மரம் வளரும் என்பதை மறத்தலாகாது. இன்று தடையற்ற இடம் மூன்றாண்டில் தடையுற்றதாகலாம்.

கம்பம் செங்குத்தாக நிற்றலே இவ்வேலையின் அடிப்படை. கம்பம் சாய்ந்திருந்தால், தட்டை எப்பக்கம் திருப்பினும் அளவுகோலில் காணும் எண் பொய்யாகிவிடும். ஒரு மீட்டர் நீளத்திற்கு இரண்டரை சென்டிமீட்டர் சாய்ந்தாலே ஒன்றரைப் பாகை பிழை நேர்ந்துவிடும். தூக்குக்குண்டை ஒரு பக்கத்தில் மட்டுமன்றி, அதற்குச் செங்கோணமான மற்றொரு பக்கத்திலும் பிடித்துப் பார்க்க வேண்டும். வெறும் செங்கற் பூச்சில் அறையப்பட்ட ஆணி காற்றிற்குத் தாங்காது. கான்கிரீட்டில் விரிவு போல்ட்டுகளைக் கொண்டு பொருத்துவதே முறை.

கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நின்று வேலை செய்தல் ஒருபோதும் கூடாது. மின்கம்பி அருகே செல்லும் இடத்தைத் தவிர்த்தல் வேண்டும். கோடை மழையின்போது இடியும் மின்னலும் மிகுதியாதலால், உலோகக் கம்பத்தை மின்பணியாளரைக் கொண்டு நிலத்துடன் இணைத்து வைப்பதும் நன்று.

சாய்ந்து நிற்கும் தட்டின் இரகசியம்

புதிதாக இவ்வேலையில் இறங்குவோரைக் குழப்பும் செய்தி ஒன்றுண்டு. ஏற்றம் 66 பாகை என்று கணக்கு கூறும். ஆனால் சரியாகப் பொருத்தப்பட்ட தட்டின் முகம் ஏறத்தாழ 40 பாகை உயரத்தையே நோக்குவதுபோல் தோன்றும். காரணம், வீட்டுத் தட்டு முழு வட்டக் குழியாடியன்று. ஒரு பெரிய குழியாடியின் ஒருபக்கத் துண்டே அது. அதனால் அலைகள் நேர்முகமாக வாராமல் மேற்புறமாகச் சரிந்து வந்து, கீழே நீட்டிய கையின் நுனியிலுள்ள எல்.என்.பி. என்னும் சிறு பெட்டியில் குவிகின்றன. வரும் அலைக்கு எல்.என்.பி. குறுக்கே நின்று நிழல் செய்யாதபடி அமைந்த ஏற்பாடு இது. இச்சரிவு செய்வோருக்குச் செய்வோர் வேறுபடும். தட்டின் பின்புறமுள்ள அளவுகோல் பெரும்பாலும் இவ்வேற்றுமையைக் கழித்தே பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே கண்ணளவை நம்பாமல் அவ்வளவுகோலைத் தொடக்கமாகக் கொள்ள வேண்டும்.

எல்.என்.பி. செய்யும் பணி இரண்டு. வந்த அலையை அது வலுப்படுத்துகிறது. பின் அதன் அதிர்வெண்ணைக் குறைக்கிறது. 11,170 மெகாஹெர்ட்ஸில் வந்த அலையிலிருந்து 9,750 கழிக்கப்பட்டு, 1,420 மெகாஹெர்ட்ஸாகக் கேபிளில் இறங்குகிறது. உயர்ந்த அதிர்வெண்ணைச் சாதாரணக் கேபிள் தாங்காமையால் இவ்வேற்பாடு. இப்பணிக்கு வேண்டிய மின்சாரம் 13 அல்லது 18 வோல்ட் அளவில் அதே கேபிள் வழியாகச் செட்டாப் பெட்டியிலிருந்து மேலேறுகிறது. ஆதலால் கேபிளைக் கழற்றவோ பூட்டவோ முற்படுமுன் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். மேலுள்ள வலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் பெட்டி பழுதுபடக்கூடும்.

இலக்கைப் பிடித்தல்

60 சென்டிமீட்டர் தட்டின் பார்வை அகலம் ஏறத்தாழ மூன்று பாகை. நடுவிலிருந்து ஒன்றரைப் பாகை விலகினால் கிட்டும் ஆற்றல் பாதியாகும். தட்டின் விளிம்பு மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியிருப்பதால், அந்த ஒன்றரைப் பாகை விளிம்பில் எட்டு மில்லிமீட்டராகும். இங்கே தென்னிந்தியர்க்குரிய ஒரு நுட்பம் உண்டு. துணைக்கோள் உச்சிக்கு அருகில் இருப்பதால், கம்பத்தைச் சுற்றித் தட்டைத் திருப்பும்போது அதன் பார்வை வானில் சிறிதளவே நகர்கிறது. பெங்களூருவில் திசையில் நான்கு பாகை பிழைத்தல், ஏற்றத்தில் ஒன்றரைப் பாகை பிழைத்தலுக்குச் சமம். எனவே ஏற்றக்கோணத்தை முதலில் செம்மையாக நிறுத்தி, அதன்பின் திசையை மெல்லத் திருப்பித் தேடுவதே பயனுள்ள முறை.

செட்டாப் பெட்டியின் திரையில் இரு கோடுகள் தோன்றும். ஒன்று வலிமை; மற்றொன்று தரம். எல்.என்.பி.க்கு மின்சாரம் சென்றவுடனேயே வலிமைக் கோடு ஓரளவு உயர்ந்துவிடும். வேறொரு துணைக்கோளை நோக்கினும் உயரும். 93.5 பாகைக்கு அணித்தே 95 பாகையிலும் துணைக்கோள்கள் உள்ளன. ஆகையால் வலிமையைக் கண்டு மகிழ்தல் தகாது. வேண்டிய ஒளிபரப்பின் எண்கள் பிழையின்றி வந்து சேர்கின்றன என்பதைத் தரக் கோடு ஒன்றே உணர்த்தும்.

தட்டை ஒருமுறைக்குச் சிறிதளவே நகர்த்தி, இரண்டு மூன்று விநாடி பொறுத்துத் தரக் கோட்டை நோக்க வேண்டும். தரம் உயர்ந்து, உச்சமடைந்து, மீண்டும் குறையும் வரை சென்று, இரு குறைவுகளுக்கும் நடுவிலுள்ள இடத்திற்குத் திரும்புதல் முறை. அதன்பின் எல்.என்.பி.யையும் அதன் பிடியில் இருபுறமும் சிறிது சுழற்றித் தரம் மிகும் நிலையைக் காண வேண்டும். திருகுகளை இறுக்கும்போது தட்டு நகர்ந்துவிடுதல் இயல்பு. ஆதலின் ஒரே திருகை முற்றும் இறுக்காமல் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, இறுதியில் தரத்தை மீண்டும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

படம் தெரிந்துவிட்டது என்று பாதியில் விடுவோர் மழைநாளில் வருந்துவர். எண்முறை ஒளிபரப்பில் படம் சிறிது சிறிதாக மங்குவதில்லை. ஓர் எல்லைவரை தெளிவாக இருந்து, அதற்குக் கீழே திடீரென மறைந்துவிடுகிறது. குறுகிய ‘கு’ அலையை மழைத்துளிகள் விழுங்கியும் சிதறடித்தும் குறைக்கின்றன. உச்சத்தில் நிறுத்தப்பட்ட தட்டிற்கு இக்குறைவைத் தாங்கும் சேமிப்பு உண்டு. ஓரத்தில் நிறுத்தப்பட்டதற்கு அது இல்லை.

கதிரவனே சோதகன்

ஆண்டிற்கு இருமுறை, மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும், கதிரவன் இத்துணைக்கோளின் பின்புறமாகச் செல்கிறான். பெங்களூருவில் இது மார்ச்சில் முற்பகல் 11.15 மணியை ஒட்டியும், செப்டம்பரில் 10.55 மணியை ஒட்டியும் நிகழும். கதிரவனின் இரைச்சலலை துணைக்கோளின் மெல்லிய அலையை மூழ்கடிப்பதால், சில நாட்கள் அவ்வேளையில் சில நிமிடங்கள் படம் மறையலாம். இது பழுதன்று; அதற்காகத் தட்டைத் திருப்புதல் பெரும் பிழை.

இந்நிகழ்ச்சியைச் சோதனையாகவும் கொள்ளலாம். அவ்வேளையில் கதிரவன் நிற்கும் இடமே துணைக்கோளின் இடம். அப்போது தட்டின்மேல் மரநிழலோ சுவர்நிழலோ விழுந்தால், அப்பொருள் அலையின் வழியில் குறுக்கிடுகிறது என்பது ஐயமற்ற முடிவு. தட்டு சரியாக நிற்குமாயின், அதில் பட்டுத் திரும்பும் வெயில் எல்.என்.பி.யின் முகத்தில் ஒரு வெளிச்சத் திட்டாகக் குவியும். கதிரவனை நேரே நோக்காமல், இந்நிழலையும் திட்டையும் மட்டுமே மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும்.

பழுது காணும் ஒழுங்கு

படம் மறைந்தவுடன் தட்டைத் திருப்ப முற்படுவது பரவலான தவறு. முதலில் கேபிளின் இரு முனைகளையும் காண வேண்டும். பல பழுதுகள் இணைப்பிலேயே உள்ளன. திருகு தளர்ந்திருத்தல், நடுக்கம்பி பச்சை பூத்திருத்தல், நீர் புகுந்திருத்தல் ஆகியன கண்ணாலேயே தெரியும். எல்.என்.பி.க்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் இணைப்பினுள் இறங்காமல் வளையத்தின் அடியில் சொட்டிவிடும். வலிமை, தரம் இரண்டும் சுழியமாயின் கேபிளையோ எல்.என்.பி.யையோ ஐயுறலாம். வலிமை இருந்து தரம் இல்லையாயின் தட்டு நகர்ந்திருக்கலாம். காற்று வீசும்போது மட்டும் படம் அறுந்தால் கம்பம் தளர்ந்திருக்கிறது, அல்லது மரக்கிளை அசைந்து மறைக்கிறது. மழையில் மட்டும் அறுந்து, மழை நின்றதும் மீளுமாயின், தட்டு உச்சத்தில் நிற்கிறதா என்பதை ஒருமுறை பார்த்தல் போதும்.

நிறுவிய நாளிலேயே தட்டு, கம்பம், பிடி ஆகிய மூன்றின்மேலும் வண்ணத்தால் ஒரு கோடு இழுத்து வைத்தால், பின்னாளில் நகர்ந்ததா என்பது ஒரு பார்வையில் விளங்கும். நிறுவிய தேதி, இரு கோணங்கள், தெளிந்த வானில் கண்ட தரத்தின் அளவு ஆகியவற்றைப் பெட்டியின் பக்கத்திலேயே எழுதி ஒட்டி வைத்தல் நலம்.

நிலத்தில் உள்ள பாதி

2004 செப்டம்பரில் கல்விக்கெனவே ‘எடுசாட்’ துணைக்கோள் ஏவப்பட்டது. கர்நாடகத்தில் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், சாமராஜநகர் மாவட்டத் தொடக்கப்பள்ளிகளும் அதனை முதலில் பயன்படுத்தியோருள் அடங்கும். அத்திட்டத்தின்கீழ் நாட்டில் அமைக்கப்பட்ட நிலையங்கள் பல இயங்காது கிடந்ததை 2013ஆம் ஆண்டின் மத்தியத் தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டிற்று. கோளை விண்ணில் நிறுத்துவது வேலையின் பாதியே. மறுபாதி பள்ளியின் கூரைமேல் உள்ளது.

2017இல் தொடங்கிய ‘ஸ்வயம் பிரபா’ அலைவரிசைகளும், 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பிற்கு ஓர் அலைவரிசை என்னும் முறையில் அமைந்த கல்வி ஒளிபரப்பும் இணையம் எட்டாத இல்லத்தையும் எட்டத்தக்கவை. ஆயினும் கழன்ற ஒரு திருகும், சாய்ந்த ஒரு கம்பமும் அவற்றைத் தடுத்துவிட வல்லன. கோணம் கணிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும், தூக்குக்குண்டு பிடிக்கத் தெரிந்த ஒரு களப்பணியாளரும் ஓர் ஊரில் இருப்பின், பழுது நீக்குவோரின் வருகைக்காக அவ்வூர்ப் பிள்ளைகள் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுவதில்லை. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள் மாடியேறி, வண்ணக்கோடு பிசகாமல் இருக்கிறதா என்று பார்த்து வருவது, அப்பிள்ளைகளின் ஓராண்டுப் பாடத்தைக் காக்கும் செயலாகும்.